டம்ளரில் வெட்டியிருந்த பேர்

“…அதனால யாரு மேலயும் குத்தமில்ல சார். நான் குறையில்லைன்னு சொன்னேன், நீங்க குறையில்லைன்னு போட்டுக்கிட்டீங்க. அம்புட்டுத்தான்” என்றார் ஜெபமணி அக்கா. தையல் மிஷினின் பெடலிலிருந்து அவர் காலை எடுக்கவில்லை. ஊசிக்கடியில் ஒரு நைட்டியின் கழுத்துப்பட்டி ஓடிக்கொண்டிருந்தது. தளவாய்புரத்தில் அவர் வீட்டு வாசல்படியில், தோளில் டேப்லெட் பையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறும்போது இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். நான் தப்பாகப் பதிந்ததால் அவர் மகள் எஸ்தருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நர்சிங் படிப்பு உதவி கை நழுவிப் போனது. அந்தப் பிள்ளை ஒரு வருடமாக ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் திரும்பும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் அந்த வசதியை எனக்குக் கொடுக்கவில்லை.

சர்வே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், “அண்ணாச்சி, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்று கேட்டார்கள். என் சாமர்த்தியங்களை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதில் ஒரு சாமர்த்தியத்தைத்தான் எழுதுகிறேன். அது என்னை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதையும் சேர்த்து.

1. கோடு இல்லாத கணக்கு

நான் பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் பழைய பேப்பர் கடையிலும் ஜனங்கள் வாயிலும்தான். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பதினான்கு வருடம் இருந்தேன். மில் ஷிப்டைக் குறைத்தபோது வெளியே வந்தேன். தெரிந்தவர் ஒருவர் சர்வே வேலையில் இழுத்துவிட்டார். என்ன பற்பசை உபயோகிக்கிறீர்கள், எந்தச் சீரியல் பார்க்கிறீர்கள் என்று ஆரம்பித்த வேலை. கதவைத் தட்டுவதுதான் தொழில். பேச்சுக் கேட்கப் பிடிக்கும் என்பதால் எனக்கு அது தொழிலாகவே தெரியவில்லை. ஜனங்கள் சொல்லும் நல்ல சொல்லை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வேன். சுந்தரபாண்டியத்தில் ஒரு களையெடுக்கும் அம்மா சொன்னார்: “கூரை ஒழுகுறது மழைக்குத் தெரியும், கீழ படுத்திருக்கிறவனுக்குத் தெரியும். தெருவுல போறவனுக்கு எப்படித் தெரியும்?” அதையும் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டேனே தவிர, அந்தத் தெருவில் போகிறவன் நான்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி வேலை வந்தது. அதை நடத்தியவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியை. நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, எட்டுப் பேருக்கு டிரெய்னிங் கொடுத்தார். நான் சூப்பர்வைசர்.

“பரமசிவம் சார், இதுவரைக்கும் வறுமைய ஒரு கோடு போட்டு அளந்தோம். கோட்டுக்குக் கீழ இருந்தா ஏழை, மேல இருந்தா ஏழை இல்ல. ஒரு மயிரிழையில மேல நிக்கிறவன் அன்னைக்கே பணக்காரன் ஆயிடுவானா? இதுல கோடு கிடையாது. ஒவ்வொரு வீடும் வறுமைக்குள்ள எவ்வளவு தூரம் இருக்குன்னு பாக்கப் போறோம். சீரோவுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எங்க வேணா இருக்கலாம். இதுக்குப் பேரு ஃபஸி செட்” என்றார் மேடம்.

எனக்குச் சட்டென்று பிடித்துப் போனது. “மேடம், மில்லுல பஞ்சும் இப்படித்தான். நல்ல பஞ்சு, கெட்ட பஞ்சுன்னு யாரும் பேச மாட்டாங்க. எத்தனாவது ரகம்னுதான் பேச்சு.”

மேடம் சிரித்துவிட்டார். “இதைத்தான் சார் நான் நாப்பது பக்கத்துல எழுதியிருக்கேன்.”

வீடு, தண்ணீர், கழிப்பறை, அடுப்பு, சாப்பாடு, படிப்பு, வீட்டுச் சாமான், வேலை. ஒவ்வொன்றிலும் அந்த வீட்டுக்கு எவ்வளவு குறை இருக்கிறது என்று ஐந்து படியில் பதிய வேண்டும். ஒரு குறையும் இல்லையென்றால் சீரோ. அடியோடு இல்லையென்றால் ஒன்று. நடுவில் மூன்று படி. அந்தத் தசம எண்களை ஜனங்களிடம் எப்படிக் கேட்பது என்று பிள்ளைகள் முழித்தார்கள். நம்மிடம்தான் வார்த்தை இருக்கிறதே என்று நான் சொன்னேன். கால், அரை, முக்கால். மறுநாளே எல்லார் டேப்லெட்டிலும் மேடம் அதை ஏற்றிவிட்டார்.

சேத்தூரில் முதல் நாள். முத்துலட்சுமி என்று ஒரு பெண் எங்கள் குழுவில் இருந்தாள். அந்த ஊர்க்காரி. வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒரு சம்சாரி வீட்டில் கேட்டாள்.

“அண்ணே, கக்கூஸ் இருக்கா?”

“இருக்கு தாயி. ஜம்முனு கட்டியிருக்கு.”

“உபயோகிக்கீங்களா?”

“உபயோகிக்காம என்ன? உர மூடை மூணு உள்ளதான் இருக்கு.”

“அப்ப நீங்க?”

“நாங்க காலங்காலமா போற கண்மாய்க்கரைதான்.”

முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, இருக்குன்னு போடவா, இல்லைன்னு போடவா? மூடைக்கு இருக்கு, மனுசனுக்கு இல்ல.” முக்கால் போடச் சொன்னேன். பழைய சர்வே என்றால் ‘உண்டு’ என்று டிக் அடித்துவிட்டு வந்திருப்போம். இதுவல்லவா கணக்கு என்று எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எல்லாக் குறைக்கும் ஒரே வெயிட் கிடையாது. ஊரில் பெரும்பாலான வீட்டில் இல்லாத சாமான் உங்கள் வீட்டிலும் இல்லையென்றால் அதற்கு வெயிட் கம்மி. எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமான் உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் அதற்கு வெயிட் ஜாஸ்தி. ஏசி இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபேன் இல்லாத வீடு, உட்காரச் சேர் இல்லாத வீடு, விருந்தாளிக்கு நீட்ட டம்ளர் இல்லாத வீடு என்றால் கம்ப்யூட்டர் அங்கே அழுத்தி நிற்கும். அதாவது, நம்மூரில் எதை வெளியே சொல்ல ஜனங்கள் கூச்சப்படுவார்களோ, அதுதான் இந்தக் கணக்கில் அதிகம் எடை நிற்கும்.

2. டம்ளரைத் திருப்பிப் பார்

ஆள் வரப்போகிறது என்று தெரிந்தால் நம்மூர் வீடுகள் அன்றைக்கு ஒரு நாள் வேறு வீடாகிவிடும். பக்கத்து வீட்டுச் சேர் வரும். எதிர்வீட்டு ஃபேன் வரும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, சம்பந்தக்காரர்களுக்கு, கோயில் கொடைக்கு வந்தவர்களுக்கு என்று காலம்காலமாக ஒருவர் மானத்தை ஒருவர் மூடிக்கொள்கிற பழக்கம். இரவல் தப்பில்லை. ஆனால் சர்வேக்காரனுக்கு அது தொல்லை. எது அவர்கள் சாமான், எது இரவல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். நம் பக்கம் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டாத வீடு கிடையாது. குடிக்கக் கொடுக்கும் டம்ளரை, குடித்து முடித்ததும் எதேச்சையாகச் செய்வதுபோலத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் புள்ளி புள்ளியாகப் பேர் இருக்கும். வீட்டுக்காரர் பேரும் டம்ளரில் இருக்கிற பேரும் ஒன்றானால் மற்றதையும் நம்பலாம். வேறு பேர் இருந்தால் சேர், ஃபேன், மிக்சி எல்லாவற்றையும் ஒரு தடவை சந்தேகமாகக் கேட்க வேண்டும்.

டிரெய்னிங்கில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். “ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், ஒரு வீட்டுக்கு ஒரு டம்ளர் பதம்” என்று வசனம் வேறு பேசினேன். மேடம் தன் டைரியில் எழுதிக்கொண்டார். முத்துலட்சுமி மட்டும், “காப்பி குடிச்ச டம்ளரைக் கவுத்துப் பாக்கிறதை எங்க மாமியா பாத்தா அடுத்த தடவை தேங்காச் சிரட்டையிலதான் குடுக்கும்” என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

3. மூன்று டம்ளர் காப்பி

தளவாய்புரத்தில் பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் மிஷின் சத்தம் கேட்கும். நைட்டி, பாவாடை எல்லாம் அங்கேதான் தைத்து வெளியூருக்குப் போகின்றன. வியாபாரிகள் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து கொடுத்து, தைத்ததை எடுத்துப் போவார்கள். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம். ஜனங்கள் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டால் வீடுகள் பூட்டியிருக்கும் என்று அவசரமாக முடித்துக்கொண்டிருந்தோம். சில வீடுகளுக்குச் சூப்பர்வைசரே நேரில் போய்ப் பதிய வேண்டும். முத்துலட்சுமி முதல் நாளே ஜெபமணி அக்காவிடம் சொல்லி வைத்திருந்தாள். “நாளைக்குப் பெரிய சார் வாராரு.” அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால், ஆள் வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் போனோம். சின்ன ஓட்டு வீடு. சுவரில் பைபிள் வசனக் காலண்டர். ஒரு பவர் மிஷின், ஒரு டேபிள் ஃபேன், இரண்டு பிளாஸ்டிக் சேர், அலமாரியில் ஒரு மிக்சி. வீட்டுக்காரர் தங்கராஜ் லோடு ஆட்டோ ஓட்டியவர். விபத்தில் கால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து, இப்போது சேத்தூரில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். நாங்கள் போனபோது அவர் இல்லை. பிளஸ் டூ முடித்திருந்த மகள் எஸ்தர் தரையில் உட்கார்ந்து, தைத்த நைட்டிகளில் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

காப்பி வந்தது. கருப்பட்டிக் காப்பி. எனக்கு, முத்துலட்சுமிக்கு, மூன்றாவதைத் தனக்கென்று அக்கா கையில் வைத்துக்கொண்டார். நான் கேட்டேன், அவர் சொன்னார்.

“மூணு வேளைச் சாப்பாட்டுக்குக் கஷ்டம் உண்டா அக்கா?”

“அப்படி ஒண்ணும் குறையில்ல சார்.”

“போன மாசத்துல ஒரு வேளையாவது?”

“வாங்குறதைப் பொங்குறோம், பொங்குறதைத் திங்கோம். கர்த்தர் குறை வைக்கல.”

“இந்த மிஷின்?”

“இங்கதான் கெடக்கு. நான்தான் ஓட்டுதேன்.”

“உங்களுதா?”

“நான்தான சார் ஓட்டுதேன்” என்று மறுபடியும் சொன்னார். இப்போது யோசித்தால் அது நான் கேட்டதற்குப் பதிலே இல்லை.

எஸ்தர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “சார், இந்தக் கணக்குல சீரோ வந்தா நல்லதா, ஒண்ணு வந்தா நல்லதா?”

“நல்லா இருக்கிற வீட்டுக்குச் சீரோ வரும் பாப்பா.”

“அப்ப ஒண்ணு வந்தா?”

“ரொம்பக் கஷ்டத்துல இருக்காங்கன்னு அர்த்தம்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். “சார், அந்த டம்ளர்…”

“ஏட்டி, சாருக்குக் காப்பியில இனிப்பு பத்தலையோ என்னமோ. கருப்பட்டி இருக்கான்னு உள்ள போய்ப் பாரு” என்றார் அக்கா. பிள்ளை எழுந்து போய்விட்டது. திரும்பி வரவில்லை.

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரைத் திருப்பினேன். ‘ஜெபமணி – தங்கராஜ்’ என்று அழகாக வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய செட் என்று புரிந்தது. எனக்கு ஒரு நிம்மதி. இரவல் வீடு இல்லை. ஃபேன் உண்டு, சேர் உண்டு, மிக்சி உண்டு, மிஷின் சொந்தம். பாத்திரம் குறையில்லை, சாப்பாடு குறையில்லை. சீரோ, சீரோ, சீரோ. வீட்டு ஓட்டுக்கு மட்டும் அரை போட்டேன். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

தெருமுனையில் முத்துலட்சுமி கேட்டாள். “அண்ணாச்சி, அந்தப் பிள்ளை என்னமோ சொல்ல வந்துச்சு.”

“காப்பியில இனிப்பைப் பத்தி” என்றேன்.

“இனிப்ப அவ அம்மால்ல சொன்னாங்க?”

எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

4. கோடு திரும்பி வந்தது

அந்த அளவெல்லாம் ஆராய்ச்சிக்காக எடுத்தது. யாருக்கும் எதுவும் கொடுப்பதற்காக எடுத்ததில்லை. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், நாங்களும் ஜனங்களிடம் அப்படித்தான் சொன்னோம். அதனால் அக்கா பொய் சொன்னார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒன்றும் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வருகிற அந்நியனிடம் வீட்டுக் குறையை யார் அவிழ்த்துக் காட்டுவார்?

எல்லாம் முடிந்தபிறகு ஒரு அறக்கட்டளை வந்தது. பேர் வேண்டாம். ரொம்பக் கஷ்டத்தில் இருக்கும் வீடுகளில் ஒரு பிள்ளையைக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நல்ல மனசுதான். எந்த வீடு என்று பார்க்க மேடத்தின் கணக்கைக் கேட்டார்கள். மேடம், “இது கோடு போடுற கணக்கு இல்ல” என்று எவ்வளவோ சொன்னார். அவர்கள், “எங்களுக்கு எங்கயாவது ஒரு இடத்துல நிறுத்தியாகணுமே மேடம்” என்றார்கள். அதுவும் நியாயம்தான். வரிசையாக வீடுகளை அடுக்கி, ஒரு இடத்தில் கோடு கிழித்தார்கள். கோடே வேண்டாம் என்று ஆரம்பித்த வேலை கோட்டில் போய் முடிந்தது. சட்டைக்கு என்று எடுத்த அளவில் பாவாடை வெட்டிய மாதிரி.

லிஸ்ட் வந்த அன்று முத்துலட்சுமி மாடி அறையில் ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஜெபமணி அக்கா வீடு இல்லையே அண்ணாச்சி.”

“அவுக நல்லாத்தான இருக்காங்க.”

“நல்லாவா? ராத்திரி பகலா தைக்கிறாங்க.”

“ஏம்மா, நான் டம்ளரைத் திருப்பிப் பாத்தேன்” என்றேன். அவள் லிஸ்டை மடித்து வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் சொன்னால் பேச்சு முடிந்தது என்று நான்தான் பழக்கி வைத்திருந்தேன்.

5. சுவருக்கு அந்தப் பக்கம்

கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று. குடிதண்ணீர் பற்றி வேறொரு சின்ன சர்வே. அதே தெரு. ஜெபமணி அக்கா வீட்டுக்கு ஒட்டின வீடு, நடுவில் இடுப்புயரச் சுவர்தான். ராமலட்சுமியம்மா என்று வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். “ராண்டி, ராண்டி” என்று உட்கார வைத்து மோர் கொடுத்தார். குடித்தேன். கை தன் பாட்டுக்கு டம்ளரைத் திருப்பியது.

‘ஜெபமணி – தங்கராஜ்.’

“இது பக்கத்து வீட்டு டம்ளராம்மா?” என்று கேட்டேன்.

“எங்களுதுதான் சார். அவுக வீட்டுக்காரருக்கு அடிபட்டுச்சுல்ல, அப்ப ஜெபமணி கல்யாணப் பாத்திரம் அம்புட்டையும் எடுத்துட்டு வந்தா. கடையில போட்டா எடைக்குத்தான் எடுப்பான், பேரை வேற அழிச்சிருவான், நீங்களே வச்சுக்கோங்கக்கான்னு. நான் வாங்கிக்கிட்டேன். பேரை அழிக்கல. எதுக்கு அழிக்க? விருந்தாள் வந்தா இந்தச் சுவத்து மேல கையை நீட்டுவா, எடுத்துக் குடுப்பேன். கழுவித் துடைச்சுத் திருப்பித் தந்திருவா. ஒரு தடவைகூடப் பாத்திரம் நெளிஞ்சதில்ல.”

“போன வருசம் நாங்க வந்தப்ப?”

“நீங்கதானா அது? மூணு டம்ளர், ரெண்டு சேரு, ஃபேனு. யாரோ பெரிய ஆபீசர் வாராருன்னா.”

மிக்சி மோட்டார் கருகிப்போய் அலமாரியில் சும்மா இருந்ததாம். தையல் மிஷின், தைக்கத் துணி கொடுக்கிற வியாபாரியுடையதாம். “எஸ்தர்?” என்று கேட்டேன். “பாவம், எம்புட்டு நல்லாப் படிச்ச பிள்ளை. மில்லு வேன்ல போகுது. விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆரன் கேக்கும்” என்றார் ராமலட்சுமியம்மா.

அன்றைக்கு மற்ற வீடுகளை முத்துலட்சுமியைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். பேர் வெட்டியிருந்ததால் இரவல் இல்லை என்று நினைத்தேன். தன் பாத்திரத்தையே ஒருவர் இரவல் வாங்க முடியும் என்று என் சாமர்த்தியத்துக்குத் தோன்றவில்லை. அதுவும் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற, இல்லாவிட்டால் ரொம்பவும் எடை நிற்கிற சாமான்களாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் நான் சீரோ போட்டிருக்கிறேன்.

மேடத்துக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன். “மேடம், பேரு அவுகளுது, பாத்திரம் பக்கத்து வீட்டுது. இதுக்கு எத்தனை போடணும்? காலா, அரையா, முக்காலா?”

“அதுக்கு என்கிட்ட கேள்வியே இல்லையே சார்” என்றார்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். லிஸ்டில் இருந்த ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது, ஒரு இடம் இருக்கிறது என்றார். “ஆனா நீங்க சொன்னீங்கன்னு நான் நம்பரை மாத்த முடியாது. ஒருத்தருக்கு மாத்தினா மத்த வீட்டுக்கு என்ன பதில் சொல்றது? திரும்பப் போய்க் கேளுங்க. இந்தத் தடவை எதுக்குன்னு சொல்லிட்டே கேளுங்க. அவங்க வாயால வரணும்.”

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லாச் சோறும் ஒரே உலையில் வேகிறது என்பதால். வீடு அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். ‘குறையில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது உங்களுக்குத் தந்த மரியாதை. காப்பியைப் போல அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், டேப்லெட்டில் ஏற்றாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எஸ்தரின் ஒரு வருடம் செலவானது. என் வருடம் செலவாகியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

6. வாசல்படி

அப்படித்தான் மறுபடியும் அந்த வாசலில் போய் நின்றேன். அன்றைக்கு ஆள் வருகிறது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. உள்ளே சேர் இல்லை, ஃபேன் இல்லை. எஸ்தர் காலை ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைத் திருப்பிப் பார்த்ததைச் சொன்னேன். ராமலட்சுமியம்மா வீட்டில் மோர் குடித்ததைச் சொன்னேன். லிஸ்டைச் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். அப்போதுதான் அக்கா, யார் மேலும் குற்றமில்லை என்று மேலே எழுதிய அந்தப் பேச்சைச் சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அக்கா, ஒரே ஒரு இடம் இருக்கு. இன்னைக்கு எஸ்தருக்காகத்தான் கேக்கேன். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எனக்காக ஒண்ணும் மூட வேண்டாம்.”

மிஷின் நின்றது.

“உக்காருங்க சார். வீடு தேடி வந்தவுகள வாசல்ல நிறுத்தி வச்சு என்ன பேச்சு? செத்த நேரம் இருங்க, காப்பி போடுதேன்.”

நான் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே காப்பி கொதித்தது. கருப்பட்டி வாசம் வந்தது. அக்கா வெளியே வந்து நேராக நடுச்சுவருக்குப் போனார். பழகின கை, தானாகச் சுவருக்கு மேலே நீண்டது. “அக்கா…” என்று கூப்பிட வாயெடுத்தார். அந்தப் பக்கம் ராமலட்சுமியம்மா, “என்ன ஜெபமணி, எத்தனை வேணும்?” என்று கேட்டார்.

எஸ்தர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

“ஒண்ணுமில்லக்கா” என்று அக்கா கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போனார். பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் கப்பில் காப்பியை ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எதிரே தரையில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ம், கேளுங்க” என்றார்.